போச்சு அண்ணாச்சி காட்டிய திருநெல்வேலி

கல்யாண வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் ஒரே முகத்தோடு போய்வரக்கூடிய மனிதர் திருநெல்வேலி ஜில்லாவிலேயே ஒருவர்தான் இருந்தார். அவரை நாங்கள் போச்சு அண்ணாச்சி என்போம். சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் பேட்டையில் ஓர் இரும்புப் பட்டறையில் நான் டைப்பிஸ்ட், அவர் ஸ்டோர் கீப்பர். ஜங்ஷன் பக்கம் ஒரு லாட்ஜில் அடுத்தடுத்த அறை. காலையில் கதவைத் திறந்ததும் வானத்தைப் பார்ப்பார். மேகம் தெரிந்தால், "வெள்ளம் வருது, ஊரு போச்சு வே." தெரியாவிட்டால், "மழை இல்ல, பயிரு போச்சு வே." முதலாளி புது மெஷினுக்குப் பொட்டு வைத்தபோது, சூடம் அணைவதற்குள், "இதுக்கு ஸ்பேர் கிடைக்காது, போச்சு" என்றார். முதலாளி ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை. பத்தாம் நாள் மெஷின் நின்றது. அதன்பிறகு ஒரு மாதம் பேசவில்லை.

அந்த மனிதரிடம்தான் என் அப்பாவை ஒப்படைத்தேன்.

அப்பா திருச்சியில் ரிட்டயரான வாத்தியார். நான் இன்ஜினியரிங் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, ஒரு வருஷம் அதை மறைத்து அவரை ஏமாற்றியவன். "இனி என் கண்ணுல படாதே" என்றார். மூன்று வருஷம் படவில்லை. நடுவில் நின்று பேச அம்மாவும் உயிரோடு இல்லை.

திடீரென்று லாட்ஜ் முகவரிக்கு அப்பாவிடமிருந்து ஒரு போஸ்ட் கார்டு. "ஞாயிறு காலை மெட்ராஸ் வண்டியில் திருநெல்வேலியில் இறங்குகிறேன். மதியம் திருச்செந்தூர் வண்டி. இடையில் நாலு மணி நேரம் ஊர் சுற்றிப் பார்க்க உத்தேசம்." என்னைப் பார்க்க உத்தேசம் என்று ஓர் எழுத்து இல்லை.

"காய்ச்சல்னு சொல்லிருங்க அண்ணாச்சி. நீங்களே ஊரைக் காட்டி ரயிலேத்தி விட்ருங்க."

"பொய் சொல்லச் சொல்லுதீரு. போச்சு" என்றார். ஆனாலும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

நடந்ததைப் பிறகு அவர் வாயாலேயே கேட்டேன். கோயிலில் இசைத்தூணைக் காட்டி, "தட்டித் தட்டியே நாதம் போச்சு சார்." பாலத்தில் நின்று, "மணலை அள்ளியே ஆறு போச்சு சார்." அல்வாக் கடையில், "அந்தப் பழைய ருசி போச்சு" என்று சொல்லிக்கொண்டே கால் கிலோவை அவரே தின்றிருக்கிறார். கடைசியில் குறுக்குத்துறை படித்துறை. அப்பா தண்ணீரைப் பார்த்தபடி, "பையனுக்குக் காய்ச்சல் ரொம்பவோ?" என்று கேட்டார்.

அண்ணாச்சி பெருமூச்சு விட்டு, "போச்சு சார்" என்றார்.

அப்பா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மகன் செத்துவிட்டான், இந்த ஆள் அதைப் பைய உடைக்கிறார் என்று நினைத்துவிட்டார்.

"ஒடம்பு எளைச்சுப் போச்சுன்னுதான் சொல்ல வந்தேன் வே. எனக்கு வாயில மொதல்ல அதுதான வருது?" என்று பிறகு என்னிடம் சொன்னார் அண்ணாச்சி. அவர் மீதியைச் சொல்வதற்குள் அப்பா படியேறி ஓடி ஆட்டோவை நிறுத்தியிருந்தார்.

நான் பனியனோடு உட்கார்ந்து நாலாவது இட்லியைச் சட்னியில் முக்கிக்கொண்டிருந்தேன். கதவு படீரென்று திறந்தது. அப்பா என்னைப் பார்த்தார். இட்லியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். கிட்டே வந்து என் நெற்றியில் கை வைத்தார்.

"காய்ச்சல்?"

"போயிருச்சுப்பா."

கட்டிலில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. எச்சில் கையோடு நான் நின்றேன். வாசலில் அண்ணாச்சி, "இனி திருச்செந்தூர் வண்டியைப் பிடிக்க முடியாது, போச்சு" என்றார். ஆனால் மூவரும் ஸ்டேஷனுக்கு ஓடியபோது வண்டி கிளம்பாமல் எங்களுக்காகவே நிற்பதுபோல் நின்றது. ஜன்னல் வழியே அப்பா, "மாசம் ஒரு தடவை வீட்டுக்கு வா" என்றார்.

மூன்று மாதம்தான் போனேன். நாலாவது மாதம் நெஞ்சுவலியில் அப்பா போய்விட்டார்.

யாரும் கூப்பிடாமலே அண்ணாச்சி திருச்சிக்கு வந்துவிட்டார். பத்து நாள் லீவு போட்டு என் கூடவே இருந்தார். தண்ணீர் சுமந்தார், வந்தவர்களுக்கு இலை போட்டார். ஒரு நாள் கிணற்றடியில் துணி துவைத்தபடி சொன்னார்: "ஒங்கப்பா அன்னைக்கு ஸ்டேசன்ல எறங்குனதும் கேட்டது கோயில் இல்ல வே. 'என் பையன் எங்க டீ குடிப்பான், எங்க பஸ் ஏறுவான், அதை மொதல்ல காட்டுங்க'ன்னாவ. டீக்கடையில நீரு உக்காருத பெஞ்சுல கா மணி நேரம் உக்காந்திருந்தாவ. ஒம்மகிட்ட சொல்லக் கூடாதுன்னு என் கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டாவ."

சொல்லிவிட்டு என் வேட்டியைப் பிழிந்து, உதறி, கொடியில் காயப் போட்டார்.

எனக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. அந்தப் பத்து நாளும் அது எனக்கு ஞாபகமே வரவில்லை.