பேசும் கையேடும் பொக்கிஷக் கல்லும்

என் குரல் கம்பீரமானது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நானாகத்தான் நம்பினேன்.

கள்ளக்குறிச்சி வட்டார வரலாற்றுக்கு ஒரு கையேடு எழுதியிருந்தேன். மை காய்வதற்குள், "புளியமரத்தருகே வலப்பக்கம் திரும்பவும்" என்று நான் எழுதிய மரத்தைச் சாலைக்காக வெட்டிவிட்டார்கள். நம்பிப் போனவர்கள் கரும்புத் தோட்டத்துக்குள் நின்றார்கள். அதனால் அடுத்த பதிப்பைக் கைபேசிக்கு மாற்றினேன். வரைபடம் வழி காட்டும். படத்தைத் தொட்டால் என் குரல் கதை சொல்லும்.

கல்வராயன் மலையில் ஒரு நடுகல்லைப் படமெடுக்கப் போனேன். (சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட கல். ஊருக்கு அது சாமி.) கைபேசியை நீட்டியபடி அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நிமிர்ந்தால் எதிரே ஒரு கூட்டம். என் பைக் சாவி ஒரு பெரியவர் கையில் இருந்தது.

"இன்னாத்த அளந்துக்கினு இருக்க?" என்றார்.

"அளக்கலைங்க. புத்தகத்துக்குப் படம் எடுக்கறேன்."

"புக்கு எங்க?"

"போன்லதாங்க இருக்கு."

காகிதமே இல்லாத புத்தகம் என்றதும் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. நிரூபிக்கிறேன் பேர்வழி என்று, அந்தக் கல்லுக்காக வீட்டிலேயே பதிவு செய்து வைத்திருந்த கதையை ஒலியைக் கூட்டி ஓடவிட்டேன்.

"இந்தக் கல்லுக்கு அடியில் எத்தனை பெரிய பொக்கிஷம் புதைந்து கிடக்கிறது தெரியுமா?" என்று கைபேசிக்குள்ளிருந்து முழங்கினேன்.

(வரலாற்றைத்தான் சொன்னேன். அந்த வாக்கியத்துக்காக ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்திருந்தேன்.)

பெரியவர் சாவியை மடியில் கட்டிக்கொண்டார். அந்தக் கல்லுக்கு விளக்கேற்றும் அலமேலம்மா முன்னால் வந்தார்.

"இதக் கேட்டுட்டு நாலு பேரு கடப்பாறையோட வந்தா, சாமிய யாரு காப்பாத்தறது?"

அது எனக்குத் தோன்றவே இல்லை.

"இப்பவே அழிச்சிடறேங்க."

"அழிச்சா போதுமா? மாத்திச் சொல்லு."

அங்கேயே பதிவு செய்தேன். "இங்கே புதையல் இருப்பதற்கான சான்றுகள் இதுவரை கிடைக்கவில்லை…"

"இதுவரைன்னு இன்னாத்துக்கு இழுக்கற? குடு இங்க." கைபேசியை வாங்கி அவரே பேசினார். "கல்லுக்கு அடியில ஒண்ணும் இல்ல. கும்புட்டுட்டு போய்க்கினே இருங்க."

அதை ஊரே திரும்பக் கேட்டுத் திருப்திப்பட்ட பிறகுதான் சாவி வந்தது. அச்சடித்த புத்தகமாக இருந்திருந்தால் நான் இன்னும் அங்கேதான் இருந்திருப்பேன்.

அந்தக் குரல் இன்றும் கையேட்டில் இருக்கிறது. கேட்டவர்கள் அதை மட்டும்தான் பாராட்டுகிறார்கள். வீட்டில் நான் பசியோடு ஃபிரிட்ஜைத் திறந்தால் போதும். என் மனைவி தலையைக்கூடத் திருப்பாமல் சொல்கிறாள்:

"ஒண்ணும் இல்ல. கும்புட்டுட்டு போய்க்கினே இருங்க."