வெள்ளிக்கிழமைக்கு ஒரு புனிதர்

"லீவு கிடையாது," என்றார் மேலதிகாரி ரதோய்கா. "இருந்ததையெல்லாம் மாச ஆரம்பத்துலயே தீர்த்துட்டீங்க."

திஹோமிர் மறுக்கவில்லை. ஈயப் பறவைகள் என்ற இசைக்குழு பல வருட மௌனத்துக்குப் பிறகு ஊர் ஊராகப் பாடக் கிளம்பியிருந்தது. ஸாக்ரெப், லுப்லியானா, புடாபெஸ்ட் என்று போன இடமெல்லாம் அவனும் பின்னாலேயே போனான். நாற்பது வயதைத் தாண்டியவன், இடுப்பு வலிக்காரன், மேடைக்கு முன்வரிசையில் நின்று தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டிவிட்டுத் திங்கட்கிழமை கழுத்தைத் திருப்ப முடியாமல் அலுவலகம் வந்து சேர்ந்தான். நோவி சாத் நகரத்து வீடுகளுக்குக் குழாய் வழியே வெந்நீர்ச் சூடு அனுப்பும் நிறுவனத்தில் பில் பிரிவு. நவம்பர் மாதம். சூடு போதவில்லை என்று ஊரே தொலைபேசியில் திட்டும் காலம். அந்த நேரத்தில் லீவு கேட்பவனை மேலதிகாரி முறைக்காமல் என்ன செய்வார்?

ஆனால் வெள்ளிக்கிழமை அவனுக்கு வேண்டும். அன்று மாலை ஆறு மணிக்குக் கண்காட்சித் திடலில் மாயக்கதை ரசிகர்களின் ஆண்டு விழா. அங்கே 'உப்புக் கோட்டை' நாவல் வரிசையை எழுதிய யாசென் வருகிறார். இருபது வருடமாக ஒரு புகைப்படம்கூட வெளியிடாத மனிதர், ஒன்பதாவது பாகத்தோடு கதையை முடித்துவிட்டு, முதன்முறையாக மேடை ஏறச் சம்மதித்திருந்தார். மேடையில் அவரிடம் கேள்வி கேட்க ரசிகர் மன்றம் தேர்ந்தெடுத்த ஆள் திஹோமிர். கல்யாணத்துக்குக்கூட அவன் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை என்று அவன் மனைவி நெவென்கா சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாம் பாகம் கடைக்கு வந்ததே இன்று காலை, புதன்கிழமை. தலையணை கனம். வெள்ளிக்கிழமை பகல் கையில் இல்லாவிட்டால் முடிவைப் படிக்காமலே மேடையில் உட்கார வேண்டிவரும்.

"வெள்ளிக்கிழமை எங்க ஸ்லாவா மேடம்," என்றான் திஹோமிர். வாய் முந்திக்கொண்டது.

ஸ்லாவா என்றால் எந்த அதிகாரியும் பேச முடியாது. குடும்பத்துக்கு ஒரு காவல் புனிதர், அவருடைய நாளில் வீட்டில் இருக்கச் சட்டமே லீவு கொடுக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை அதிதூதர் மிக்கேலின் நாள். திஹோமிர் வீட்டுப் புனிதர் அவர் அல்ல. டிசம்பரில் வருகிற நிக்கொலாஸ். ஆனால் அவன் இந்தக் கிளைக்கு மாற்றலாகி வந்தது கோடையில்தான். யாருக்குத் தெரியப்போகிறது?

"அட, அதிதூதரா உங்களுக்கு?" ரதோய்காவின் முகம் மலர்ந்தது. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே. எத்தனை மணிக்கு மேல வரலாம்?"

திஹோமிருக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்லாவாவுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. தெரிந்தவர்கள் தாமாகவே வருவார்கள். வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது குலத்துக்கே இழுக்கு. இது இந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். யாசென் மயக்கத்தில் இவனுக்கு மட்டும் மறந்துபோயிருந்தது.

"நாங்க வீட்ல கொண்டாடுறதில்ல மேடம். சோம்போர்ல அண்ணன் வீட்லதான்."

"சோம்போர் என்ன தூரமா? ஆபீஸ் வேன் இருக்கு," என்றான் பக்கத்து மேசை மோம்சிலோ. சாப்பாடு என்று காதில் விழுந்தால் எந்தப் பேச்சிலும் தலையை நீட்டுகிற ஆள்.

திஹோமிருக்கு அண்ணனே கிடையாது. "இல்ல, அண்ணனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்ல. இந்த வருஷம் அங்க போகல," என்று இன்னொரு படி இறங்கினான்.

அறை முழுவதும் உச்சுக்கொட்டியது. புகார்களுக்குப் பதில் எழுதும் ஸ்தாமென்கா மட்டும் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதத் தொடங்கினாள். ஓய்வுபெறப் போகிற வயது, அதிகம் பேச மாட்டாள். ஆனால் அவள் எழுதும் பதிலைப் படித்த எவரும் இரண்டாம் முறை புகார் கொடுத்ததில்லை.

"பாவம். அப்படின்னா நீங்க உங்க வீட்லயே ஸ்லாவா ரொட்டி வெட்டியாகணும்," என்றார் ரதோய்கா, தீர்ப்புச் சொல்வது போல. "குடும்பப் புனிதரை அநாதையா விடக்கூடாது. மோம்சிலோ, உங்க மச்சான் பாதிரியார்தானே? வெள்ளிக்கிழமை இவர் வீட்டுக்கு அனுப்பி வைங்க. நாம மதியத்தோட ஆபீஸை மூடிட்டுப் போயிடலாம்."

அன்று மாலை நெவென்கா இதைக் கேட்டுக்கொண்டே கத்தியால் வெங்காயத்தை நறுக்கினாள்.

"ஒரு வீட்டுக்கு எத்தனை புனிதர்?"

"இந்த ஒரு தடவைதான்."

"டிசம்பர்ல நிக்கொலாஸ் வந்து கதவைத் தட்டினா என்ன சொல்லுவ? மிக்கேல் முந்திக்கிட்டார்னா?"

"அன்னைக்கு நான் ஆபீஸ் போயிடுவேன். நீ பாத்துக்க."

"இரு, இரு. உன்னை நான் பாத்துக்கிறேன்," என்றாள். ஆனாலும் வெறும் மேசைக்கு விருந்தாளிகள் வந்தால் தலைகுனிவு அவளுக்கு. வியாழக்கிழமை முழுவதும் சமைத்தாள். வெள்ளிக்கிழமை நோன்பு நாள் என்பதால் இறைச்சி, பால், முட்டை எதுவும் ஆகாது. கெண்டை மீன் வறுத்தாள், அடுப்பில் பீன்ஸ் வேகவைத்தாள், வால்நட் கேக் சுட்டாள், ஸ்லாவா ரொட்டி பிசைந்தாள். உதவ வேண்டிய கணவன் உருளைக்கிழங்குக் கூடைக்குப் பின்னால் ஒன்பதாம் பாகத்தை வைத்துக்கொண்டு படித்தான். வெள்ளிக்கிழமை மதியம் மணி அடித்தபோது கடைசி அறுபது பக்கம் பாக்கி. கோட்டை எரிந்துகொண்டிருந்தது, கதாநாயகியைக் காணவில்லை. அவன் புத்தகத்தோடு குளியலறைக்கு ஓடி, அதைத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் வைத்து மூடிவிட்டு வந்து கதவைத் திறந்தான்.

அலுவலகம் மொத்தமும் மாடிப்படியில் நின்றது. நெவென்கா வழக்கப்படி வேகவைத்து இனிப்பிட்ட கோதுமைத் தட்டை நீட்டினாள். ரதோய்கா சிலுவை போட்டுக்கொண்டு ஒரு கரண்டி எடுத்தார். கரண்டி வாய்க்குப் பக்கத்தில் நின்றுவிட்டது.

"அதிதூதருக்குக் கோதுமையா?"

நெவென்கா கணவனைப் பார்த்தாள். நிக்கொலாஸுக்குச் செய்து செய்து பழகிய கை.

"கோதுமை செத்துப்போன புனிதர்களுக்குத்தான் வைப்பாங்க. அதிதூதர் வானதூதராச்சே, சாகவே இல்லையே," என்றார் ரதோய்கா.

"எங்க பக்கம் வைக்கிறதுண்டு மேடம்."

"எந்தப் பக்கம்?"

"அம்மா வழியில."

"ஸ்லாவா அப்பா வழியில வர்றதாச்சே."

திஹோமிர் வாயைத் திறந்தான். அதில் இதற்கு மேல் பொய் இல்லை. நல்லவேளை, மூச்சு வாங்க மாடியேறி வந்தார் பாதிரியார். அன்று அவருக்குப் போக வேண்டிய வீடுகள் ஏராளம். சொன்ன நேரத்தைவிட வெகு நேரம் தாமதம். "கோதுமையா? தாராளமா வைக்கலாம். உயிர்த்தெழுதலோட அடையாளம் அது. வைக்கக்கூடாதுன்னு சொல்றது வெறும் கட்டுக்கதை," என்று சொல்லி ஒரு கரண்டி அள்ளிப் போட்டுக்கொண்டார்.

திஹோமிருக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. ஆனால் மோம்சிலோவுக்கு மச்சானோடு ஏதோ பழைய கணக்கு இருந்திருக்க வேண்டும்.

"அது எப்படி கட்டுக்கதை? எங்க ஊர்ல வைக்கவே மாட்டாங்க."

"உங்க ஊர்ல பாதிப் பேரு கோயிலுக்கே வர மாட்டாங்க."

வாக்குவாதம் ரொட்டிக்கு முன்னால் ஆரம்பித்தது. மெழுகுவத்தி ஏற்றி, ரொட்டியைச் சுழற்றி வெட்டி, ஒயின் ஊற்றி, பிரார்த்தனை முடிந்து பாதிரியார் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிப் போன பிறகும் முடியவில்லை. அலுவலகம் இரண்டாகப் பிரிந்தது. கோதுமைக் கட்சிக்காரர்கள் இன்னொரு தட்டுக் கோதுமை கேட்டார்கள். எதிர்க்கட்சி பிளம் சாராயம் கேட்டது. வீட்டுத் தலைவன் ஸ்லாவா அன்று உட்காரக் கூடாது. திஹோமிர் நின்றுகொண்டே எல்லோருக்கும் ஊற்றினான், இடுப்பு விண்ணென்று தெறித்தது, கண் மட்டும் சுவர்க் கடிகாரத்தை விட்டு அகலவில்லை.

முதலில் எழுந்தவள் ஸ்தாமென்கா. "நான் கிளம்பட்டுமா?" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில்.

ஒருத்தி எழுந்தால் மற்றவர்களும் எழுவார்கள். திஹோமிர் அவளுடைய மேலங்கியை எடுத்துவர ஏறக்குறைய பறந்தான். ஆனால் ரதோய்காவின் குரல் அவனைப் பிடித்து நிறுத்தியது.

"என்ன வீட்டுக்காரர் நீங்க? கிளம்பறேன்னு சொன்ன உடனே ஓவர்கோட்டை எடுத்துக் குடுக்கிறீங்க?"

அந்தப் பார்வையில் கோதுமைச் சந்தேகம் இன்னும் மிச்சம் இருந்தது. திஹோமிர் சட்டென்று குரலை மாற்றினான். "அதெப்படி அக்கா, மீனே சாப்பிடலையே நீங்க. உட்காருங்க, உட்காருங்க. என்ன அவசரம்?"

ஸ்தாமென்கா உட்கார்ந்தாள். மீன் வந்தது.

"எங்கடா இருக்க?" என்று தொலைபேசியில் கத்தினான் ரசிகர் மன்றத்து ஓக்ஞென். "மேடையில மைக் வச்சாச்சு."

"வந்துட்டே இருக்கேன்," என்று சமையலறை மூலையில் நின்று கிசுகிசுத்தான் திஹோமிர். திரும்பி வந்தபோது ரதோய்காவின் கை பட்டு, சிவப்பு ஒயின் முழுதும் மேசை விரிப்பில் கவிழ்ந்திருந்தது. நெவென்கா விரிப்பை உருவிக்கொண்டு குளியலறைக்குப் போனாள். திஹோமிர் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் இயந்திரம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. கண்ணாடிக் கதவுக்குள்ளே உப்புக் கோட்டை நுரையோடு உருண்டது.

"நிறுத்து, நிறுத்து."

"எதுக்கு? கறை இறங்க வேண்டாமா?"

பூட்டிக்கொண்ட கதவு சுற்றி முடிக்காமல் திறக்காது. அவன் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றான். கோட்டை எரிந்து முடிந்ததா, அவள் பிழைத்தாளா, இனி ஒன்றும் தெரியாது. இருபது வருடம் காத்திருந்து படித்த கதை கூழாகிக்கொண்டிருந்தது. அழுகையே வந்துவிட்டது அவனுக்கு. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தான். முடிவு தெரியாவிட்டால் என்ன, அவரிடமே கேட்டுவிடலாம் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டான்.

கூடத்தில் ஸ்தாமென்கா மறுபடி எழுந்து நின்றிருந்தாள். "நிஜமாவே நேரமாயிடுச்சு."

ரதோய்கா புருவத்தை உயர்த்தி வீட்டுக்காரனைப் பார்த்தார். திஹோமிருக்கு வேறு வழி தெரியவில்லை. "கேக் சாப்பிடாம போனா என் பெண்டாட்டி அழுவா அக்கா," என்று அவளுடைய தோளை அழுத்தி உட்கார வைத்தான். மூன்றாம் தடவை அவள் பாதி எழுந்தபோது, தன் உபசாரத்தைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்துவிட வேண்டும் என்று, அவளுடைய மேலங்கியையே கொண்டுபோய்ப் படுக்கையறை அலமாரியில் வைத்துப் பூட்டினான். எல்லோரும் கை தட்டினார்கள்.

"இதுதான் வீட்டுக்காரனுக்கு அழகு," என்றார் ரதோய்கா. அவர் முகத்திலிருந்த சந்தேகம் அப்போதுதான் போனது. "கோதுமை எப்படி வேணா இருக்கட்டும், மனசு பெருசு."

ஆறு மணி ஆகி நெடு நேரம் கழித்துத் தொலைபேசி அதிர்ந்தது. ஓக்ஞென் எழுதியிருந்தான்: பதறாதே, யாசெனும் இன்னும் வரவில்லை. திஹோமிருக்கு உயிர் வந்தது. இன்னொரு சுற்று காபி, இன்னொரு சுற்றுக் கோதுமைச் சண்டை. மறுபடி அதிர்ந்தது: கூட்டம் கலைகிறது. ஆள் வரவே இல்லை. எல்லாம் முடிந்தது.

திஹோமிர் அதை இரண்டு முறை படித்தான். பிறகு தொலைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கேட்காதவர்களுக்கெல்லாம் கேக் வைத்தான். அவசரப்பட இனி ஒன்றும் இல்லை. மெழுகுவத்தியை வழக்கப்படி ஒயின் விட்டு அணைத்ததும் ஒருவர்பின் ஒருவராகக் கட்டி முத்தமிட்டு இறங்கிப் போனார்கள். மோம்சிலோ படியிலும் யாரோடோ வாதாடிக்கொண்டு போனது கேட்டது. கடைசியில் நின்றவள் ஸ்தாமென்கா, அவளுடைய மேலங்கி பூட்டின அலமாரியில் இருந்ததால்.

சாவியைத் தேடி எடுத்துவந்து மேலங்கியைப் பிடித்தான் திஹோமிர். அவள் கையை நுழைத்துக்கொண்டிருந்தபோது அவனால் அடக்க முடியவில்லை.

"சிலரு இருக்காங்க அக்கா. வர்றேன்னு வாக்குக் குடுத்துட்டு, அத்தனை பேரைக் காக்க வச்சுட்டு, வராமலே இருந்துடறாங்க. அப்படி என்னதான் தலை போற வேலையோ."

ஸ்தாமென்கா பொத்தானைப் போட்டபடி அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை, களைப்புதான்.

"வேலை ஒண்ணும் இல்ல தம்பி. இருபது வருஷமா மூஞ்சியக் காட்டாம எழுதிட்டு, இன்னைக்குத்தான் கண்காட்சித் திடலுக்குப் போய் மேடையேறலாம்னு துணிஞ்சேன். மூணு தடவை எழுந்தேன். நீங்க விடலையே."