சோபா உறையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் நான் ஊசியைக் கையில் எடுத்தேன். சிரிக்காதீர்கள். என் மைத்துனரை உங்களுக்குத் தெரியாது.

மனைவியின் அண்ணன். மனிதர் தங்கம். ஆனால் மூன்று வருடத்துக்கு முன் ஒரு வீடு கட்டிவிட்டார். அன்றிலிருந்து யார் அகப்பட்டாலும் அதை வாயாலேயே மறுபடி கட்டுகிறார். அஸ்திவாரத்தில் ஆரம்பித்தால் மொட்டை மாடி வந்துசேரச் சாயங்காலமாகிவிடும். ஏழு தடவை கேட்டிருக்கிறேன். எந்த ஜன்னலுக்கு எத்தனை ஆணி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இந்த ஞாயிறும் அவர் வீட்டுக்குப் போகவேண்டும் என்று வீட்டில் உத்தரவாகியிருந்தது.

அந்த நேரம் பார்த்து, மனைவி தைத்துக் கொடுத்த சட்டை அக்குளில் தையல் விட்டுப்போனது. அதுவும் மேலதிகாரி முன்னால். வீட்டுக்கு வந்து குதித்தேன்.

"இது தையலா? கொசுவலை இதைவிட நெருக்கமா இருக்கும்!"

"அப்ப நீங்களே தைச்சுக் காட்டுங்களேன்."

"காட்டினா?"

"நான் இழுத்துப் பார்ப்பேன். பிரியலைன்னா இந்த ஞாயித்துக்கிழமை நீங்க அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டாம்."

"பிரிஞ்சா?"

"இனிமே மாசம் ரெண்டு ஞாயிறு போகணும்."

மாதம் இரண்டு அஸ்திவாரம்! ஆனாலும் ஆண்பிள்ளை அல்லவா, "சரி" என்று சொல்லிவிட்டேன்.

தெருமுனைத் தையல்காரரிடம் ஓடினேன்.

"நூலை ரெட்டையாக் கோத்துக்குங்க சார். ரொம்ப நீளம் வேண்டாம், சிக்கிக்கும். முன்னால ஒரு குத்து போனா, பின்னால அரைக் குத்து வரணும். அப்பத்தான் உறுதி."

"இதுவா? பதினாறு வருஷமா வீட்டுல அதைத்தானே செய்யறேன்!"

"முடிக்கும்போது ஒரே இடத்துல மூணு குத்து. இன்னொண்ணு சார், மடியில வெச்சு மட்டும் தைக்காதீங்க. மேஜை மேல வெச்சுத் தைங்க."

மூன்று நாள் மேஜையில் கிழிந்த துணிகளை வைத்துப் பழகினேன். விரல் நுனி சல்லடையானது. ஆனால் தையல் எறும்பு வரிசை மாதிரி வந்தது. இனி மேஜையெல்லாம் கத்துக்குட்டிகளுக்கு என்று முடிவு செய்தேன்.

ஞாயிறு காலை.

"எதைத் தைக்கட்டும்?"

"இந்த சோபா உறை ஓரத்துல பிரிஞ்சிருக்கு. கழட்டாதீங்க, அடியில நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டிருக்கேன். அப்படியே சாஞ்சு உட்கார்ந்து தைங்க."

முதுகுக்குத் தலையணைகூட வைத்தாள். பாசம் என்று நினைத்தேன்.

பிரிந்த ஓரத்தைத் தொடைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு சாண் நீளம் தைத்தேன். கத்தரிக்கோலைக் காணவில்லை. நூலைப் பல்லால் கடித்தேன்.

அவள் இரண்டு கையாலும் இழுத்தாள். தையல் அசையவில்லை. நான்தான் கொஞ்சம் ஆடினேன். சந்தோஷத்தில் ஆடுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஜெயிச்சுட்டீங்க. நீங்க அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டாம்."

பதினாறு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் வெற்றி. கண்ணே கலங்கிவிட்டது. அப்போது வாசல் மணி அடித்தது.

"யாரு?"

"அண்ணன்தான். நீங்க வரமாட்டீங்கன்னு நேத்தே சொன்னேன். அப்ப நானே வர்றேன்னுட்டார்."

"நேத்தேவா? நான் ஜெயிப்பேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க திறமை எனக்குத் தெரியாதா?"

அவள் கதவைத் திறப்பதற்குள் பின்வாசல் வழியாகப் பறந்துவிடலாம். எழுந்தேன். பாதிதான் எழ முடிந்தது. தொடையைக் குனிந்து பார்த்தேன். உறையும் என் பேண்ட்டும் ஒரு சாண் நீளத்துக்கு ஒன்றாகியிருந்தன. சும்மா சொல்லக்கூடாது, நேர்த்தியான தையல்.

"கத்தரிக்கோல் எங்கே?"

"நேத்துதான் சாணை பிடிக்கக் கொடுத்தேன்."

பலம்கொண்ட மட்டும் இழுத்தேன். ஒரு குத்தாவது விடணுமே! பேண்ட்டை விட்டுவிட்டு ஓடலாம். ஆனால் எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது.

மைத்துனர் வீட்டு வரைபடச் சுருளோடு உள்ளே வந்தார். நான் எழத் தவிப்பதைப் பார்த்து நெகிழ்ந்துபோனார்.

"எனக்கு எதுக்கு இவ்வளவு மரியாதை? உட்காருங்க மாப்பிள்ளை!"

மனைவி அவருக்கு என் எதிரிலேயே நாற்காலி போட்டாள்.

"அவர் எங்கேயும் போகமாட்டார்ண்ணா. நீ அஸ்திவாரத்துலேர்ந்து நிதானமாச் சொல்லு."