காட்டுப்பன்றிக்கு ஒரு ஏர் கன்

கல்யாணம் பேசும்போது பெண்ணைப் பற்றி உறவினர்கள் அள்ளிவிடும் பெருமைகளில் எது பின்னால் கோரைப்பல் முளைத்து எதிரே வந்து நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சமையல், கோலம் என்று அளந்திருந்தால் ஒரு மாதத்தில் குட்டு உடைந்து எல்லாரும் சமாதானமாகியிருப்பார்கள். என் சித்தப்பாவோ, பெண் துப்பாக்கி சுடுவதில் பரிசு வாங்கியவள் என்று சொல்லிவிட்டார்.

பொய் இல்லை. கல்லூரியில் ஏர் கன் போட்டியில் எனக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. (எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்று கேட்பது நாகரிகமல்ல.) சுட்டது காகிதத்தில் வரைந்த வட்டத்தை. அது ஒருமுறைகூட என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை.

நான் சின்னக்கானல் எஸ்டேட்டில் வளர்ந்தவள். வாக்கப்பட்டது நல்லேப்பிள்ளியில், நெல்லும் மரவள்ளியும் போட்டிருந்த வீட்டில். யானை நடமாடும் ஊர்க்காரி, அதோடு துப்பாக்கிப் பரிசு. இரண்டையும் சேர்த்துப் பிசைந்து மாமனார் டீக்கடையில் பரிமாற ஆரம்பித்தார். ஒற்றை யானையைத் தன் மருமகள் நேருக்கு நேர் பார்த்தவள் என்றார். பார்த்தேன்தான். ஜீப்புக்குள், அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தேன் என்ற பகுதி அவர் காதில் ஏறவேயில்லை.

அந்த வருஷம் ஒரு காட்டுப்பன்றி எங்கள் மரவள்ளியில் இறங்கியது. மாமனார் பழைய புடவைகளைச் சுற்றிலும் வேலியாகக் கட்டினார். பன்றி புடவையை மூக்கால் ஒதுக்கிக்கொண்டு, பந்திக்கு வரும் சம்பந்தி மாதிரி உள்ளே வந்தது. பஞ்சாயத்தில் சொன்னோம். அனுமதி பெற்ற, லைசன்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர் வந்து சுடுவார் என்றார்கள். அவருக்கோ வட்டாரம் முழுக்கப் பன்றி. எங்கள் முறை வருவதற்குள் கிழங்கு தீர்ந்துவிடும் போலிருந்தது.

மாமனார் பக்கத்துத் தோட்டத்தில் கிளி விரட்ட வைத்திருந்த ஏர் கன்னை இரவல் வாங்கி வந்தார். அதைக் கொண்டு பன்றியைச் சுடுவது சட்டப்படியும் தப்பு, புத்திப்படியும் தப்பு என்று என் கணவர் பிரபு தலையில் அடித்துக்கொண்டார்.

"நீயா சுடப் போற? என்ற மருமக சுடப் போறா. நீ போயி காப்பியக் குடி" என்றார் மாமனார்.

நானாவது மறுத்திருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் என்னைப் பாராட்ட ஓர் ஆள் கிடைத்ததே அப்போதுதான். (என் ரசத்தை யாரும் பாராட்டும் நிலையில் இல்லை.) துப்பாக்கியைத் தோளில் போட்டு ஒரு செல்ஃபியும் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் கிளம்பினேன்.

பொழுது சாய்கிற நேரம். மரவள்ளி ஓரத்தில் மூங்கிலால் கட்டிய பரண்மேல் நானும் மாமனாரும் உட்கார்ந்திருந்தோம். பன்றி வந்தது. நான் ஏதோ பெரிய நாய் அளவில் எதிர்பார்த்திருந்தேன். வந்தது சேறு பூசிய பீரோ. அது கிழங்கைக் கடித்த சத்தம் பரண்வரை கேட்டது. நான் குறி பார்த்தேன். என் கையிலிருந்த துப்பாக்கியின் குண்டு பயறு அளவு.

முதலில் எனக்கு வந்தது இரக்கமா பயமா என்று இன்றுவரை தெரியவில்லை. இரண்டும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கின.

"மாமா, இது இதுல சாவாது. நோவும், அவ்வளவுதான்" என்றேன் மெதுவாக.

"கண்ணப் பாத்துச் சுடு அம்மிணி."

கண்ணில் பட்டால் குருடாகும். மெத்தென்ற இடத்தில் பட்டால் சீழ் வைத்து எங்கோ புதரில் கிடந்து நாள்கணக்கில் சாகும். இதைச் சொல்லச் சொல்ல எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. குரல் உயர்ந்தது. பயம் போய்ப் பேச்சுப்போட்டி ஆரம்பமானது.

"கொல்லணும்னா ஒரே குண்டுல கொல்லுத துப்பாக்கி வேணும் மாமா. அது இல்லைன்னா கையக் கட்டிட்டு இருக்கணும். கிழங்கு தின்னதுக்குச் சித்திரவதையா?"

பன்றி தின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தது. நான் சொல்வது நியாயம்தான், இறங்கலாம் என்றார் மாமனார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பெரியவரைப் பேசியே ஜெயித்திருக்கிறேன். அந்த உற்சாகத்தில், "அதுவும் ஒரு உசுருதானே மாமா" என்று பன்றியை நோக்கிக் கையை நீட்டினேன்.

கையில் துப்பாக்கி இருந்தது.

'டப்' என்றது. பன்றி உறுமித் துள்ளியது. பரண் காலில் மோதி, ஏணியைச் சாய்த்து, பக்கத்துத் தென்னந்தோப்புக்குள் பாய்ந்து மறைந்தது. போட்டியில் கிடைக்காத முதல் பரிசு அன்று கிடைத்திருக்க வேண்டும். பார்க்காமலே சுட்டும் பட்டுவிட்டதே.

மாமனார் முகம் வெளுத்துவிட்டது. "அடிபட்ட பன்னி ஆளப் பாத்தாக் குத்துமே. காலைல களையெடுக்க ஆளுக வருமே அம்மிணி" என்றார்.

பிரபுவுக்குப் போன் செய்தோம். டிராக்டரில் வந்து, விளக்கு வெளிச்சத்தில் எங்களை இறக்கினார். துப்பாக்கியை என் கையிலிருந்து வாங்கித் தன் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

பிறகு மூவரும் வீடு வீடாகப் போய்ச் சொன்னோம்: அடிபட்ட பன்றி தோப்பில் இருக்கிறது, யாரும் போக வேண்டாம். யார் சுட்டது என்று எல்லா வாசலிலும் கேட்டார்கள். முதல் வீட்டில் மாமனார் இருமினார். அடுத்த வீட்டில் மென்று விழுங்கினார். அதற்கப்புறம் நானே முன்னால் போய், "நான்தான்" என்று சொல்ல ஆரம்பித்தேன். ஒரு வீட்டம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "யானையச் சுட்ட பொண்ணு நீதானா கண்ணு?" என்றார். டீக்கடையில் கதை அவ்வளவு தூரம் வளர்ந்திருந்தது.

அடிபட்டது என்றதும் பஞ்சாயத்தில் எங்கள் முறை முன்னால் வந்தது. மறுநாள் காலை லைசன்ஸ்காரர் நாய்களோடு வந்தார். ஒரே குண்டு. பன்றி நின்ற இடத்தில் அப்படியே சாய்ந்தது. நான் சொன்ன நியாயம் கண்முன் நடந்தபோதும் என்னால் பார்க்க முடியவில்லை, திரும்பிக்கொண்டேன்.

சட்டப்படி புதைப்பதற்கு முன் என் குண்டு எங்கே என்று தேடினார்கள். பின்பக்கத்தில், சிமெண்ட் போலக் காய்ந்த சேற்றில், சட்டைப் பொத்தான் மாதிரி பதிந்திருந்தது. தோலில் கீறல்கூட இல்லை. நான் ஓவென்று அழுதேன், பாதியிலேயே சிரிப்பு வந்துவிட்டது.

இது யார் வேலை என்று லைசன்ஸ்காரர் கேட்டார். மாமனார் கைகட்டிச் சொன்னார்: "சுட்டதில்லீங்க. பிரசங்கம் பண்ணறப்பப் பட்டுருச்சுங்க."

அவர் என்னைப் பார்த்தார். இனிமேல் மருமகளைக் கையைக் கட்டிக்கொண்டு பேசச் சொல்லுங்கள் என்று அறிவுரை கூறிவிட்டு நாய்களோடு நடையைக் கட்டினார்.

எங்கள் வீட்டில் இப்போது கொசு அடிக்கும் மின்சார பேட் வாங்கியிருக்கிறோம். சாயங்காலமானால் மாமனார் அதைத் தூக்கிக்கொண்டு வருவார். கொசு சுவரில் உட்கார்ந்திருக்கும். வீடே பார்த்துக்கொண்டிருக்க, அவர் பேட்டை என் பக்கம் நீட்டி மிகப் பணிவாகக் கேட்பார்: "அம்மிணி, சார்ஜ் பத்துமா? ஒரே அடில போயிருமா?"

நான் வாங்கிப் பார்த்து, பத்தும் என்று சொல்லும்வரை அடிக்க மாட்டார். அதற்குள் கொசு போய்விடும்.