அலமேலு, உள்ளேன் டீச்சர்

பேய், பிசாசு எல்லாம் பொய் என்று என் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் நான். அந்தப் பாடத்தை நடத்தும்போது என் இடுப்பில் மந்திரித்த எலுமிச்சம்பழம் ஒன்று செருகியிருந்தது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு நாலு வருஷம் ஆகியிருக்கிறது.

செஞ்சி கடைவீதிக்குப் பின்னால் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் ஏழுமலை மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். மகள் யாழினிக்கு அப்போது ஏழு வயது, மகன் கவினுக்கு ஐந்து. பள்ளிக்கூடம் போய் வந்த ஆறு மாதத்தில் யாழினி வாயே திறக்காத பெண்ணாகிவிட்டாள். எனக்குத்தான் பி.எட். இருக்கிறதே என்று அவளை நிறுத்தி, வீட்டுக் கூடத்தையே வகுப்பாக்கினேன். (பி.எட். படித்துவிட்டு வேலை கிடைக்காதவர்கள் எல்லாம் கொஞ்சம் ஆபத்தானவர்கள்.)

அது என்ன சுகம் தெரியுமா! தோசையைக் கிழித்து அரை, கால், அரைக்கால். பேருந்து நிலையத்தில் நின்று ஊர்ப் பெயர்ப் பலகை வாசிப்பு. வறுத்த மல்லாட்டையை (நிலக்கடலைதான், எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) கூறு கட்டி வகுத்தல். விடை வந்ததும் கேள்வித்தாளையே தின்றுவிடலாம். யாழினி மறுபடி வாயாடியானாள்.

ஒரே தொல்லை ரேங்க். ரெண்டே பேர் படிக்கிற வகுப்பில் யாராவது ஒருவர் கடைசிதானே? கவின் தினமும் கடைசியாகி, தினமும் தரையில் புரண்டு அழுதான். அதற்காக மூன்றாவதாக ஒரு மாணவியைச் சேர்த்தேன். பெயர் அலமேலு. ஆள் கிடையாது. ஒரு நோட்டு, ஒரு துண்டுப் பாய், வருகைப் பதிவேட்டில் ஒரு வரி, அவ்வளவுதான். கடைசி ரேங்க் அவளுக்கே எழுதிவைத்தது. பிள்ளைகள் அவளிடம் அவ்வளவு பிரியமாக இருந்தார்கள். "பரவால்ல அலமேலு, நாளைக்குப் போட்டுக்கலாம்" என்று சொல்லி, அவள் பங்கு மல்லாட்டையைப் பாய் மேல் வைத்துவிட்டுத்தான் மதியம் தூங்கப் போவார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் அலமேலுவின் நோட்டைத் திறந்தேன். உள்ளே எழுதியிருந்தது.

7 × 8 = 54.

யாழினியைக் கேட்டேன், சத்தியமாக இல்லை என்றாள். கவினுக்கு ஏழு போடவே வராது. விளையாட்டுக்கு நானும் சிவப்பு மையில், 'தப்பு. மூன்று முறை சரியாக எழுதவும்' என்று எழுதிவைத்தேன். மறுநாள் மதியம் நானும் பிள்ளைகளும் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கி எழுந்து வந்து பார்த்தால், 56, 56, 56. பேனா அழுத்திய அழுத்தத்தில் தாள் கிழிந்திருந்தது. மல்லாட்டை காலி. தோலைக் காகிதத்தில் மடித்து, பாயின் ஓரத்தில் ஒழுங்காக வைத்திருந்தது.

நோட்டைப் பாயிலேயே போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

"அலமேலு டெய்லி வராம்மா" என்றான் கவின், ரொம்ப சாதாரணமாக. "கதவுக்கு அந்தாண்ட மூச்சு வுடுற சத்தம் கேக்கும். கொலுசு கூட கேக்கும்."

அன்றிலிருந்து அந்தத் துண்டுப் பாயைத் தாண்டிப் போகவே எனக்குப் பயம். பட்டப்பகலில், ஃபேன் ஓடாத நேரத்தில் கூட, அந்த நோட்டின் பக்கம் மட்டும் மெதுவாகப் புரளும். வகுத்தல் கணக்குகள் ஒவ்வொன்றாக நிரம்பின, பாதி சரி, பாதி தப்பு. ஒரு நாள் கீழே ஒரு வரியும் இருந்தது: 'டீச்சர், மீதி எங்க போவுது?' செத்தவள் கேட்கிற கேள்வியா அது! எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு வந்த வீட்டுக்காரரைக் கேட்டேன். "இன்னாங்க, ஒங்க வூட்ல அலமேலுன்னு யாராச்சும் சின்ன வயசுல செத்துப்போயிருக்காங்களா?"

அவருக்குப் புரையேறிவிட்டது. ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "இன்னாடி கேக்குற, சாப்புடுற நேரத்துல" என்று எழுந்து போய்விட்டார். சரிதான், செத்திருக்கிறாள் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

வல்லத்துக்குப் பஸ் ஏறி ஒரு பூசாரியைப் பார்த்தேன். அவர் ஒரு எலுமிச்சம்பழத்தை மந்திரித்துக் கொடுத்து, மூன்று நாள் இடுப்பை விட்டு எடுக்கக்கூடாது என்றார். மூன்றாம் நாள்தான் என் நாத்தனார் வந்து இறங்கினார்.

என் வீட்டுக்காரரின் அக்கா. திண்டிவனம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை. தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவர், அவர் சொன்னால் தம்பிக்கு வேதவாக்கு. கைப்பையில் ரெண்டு அட்மிஷன் ஃபாரம் தயாராக இருந்தது.

"இன்னிக்கு ஒரு நாள் ஒன் கிளாஸ பாக்குறேன்" என்றார். "சரியில்லன்னா ஜூன்ல ரெண்டு பேரும் ஸ்கூலுக்குப் போவணும். இத்தோட பேச்சு இல்ல."

"சரிங்க அண்ணி" என்றேன். யாழினி என் புடவையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அலமேலு குடியிருக்கிற கூடத்தில் வைத்துப் பாடம் நடத்த எனக்குத் துணிச்சல் கிடையாது. அதனால் எல்லோரையும் கோட்டைக்குக் கூட்டிப்போனேன். ராஜகிரி மலையடிவாரத்தில் அந்தக் காலத்து நெற்களஞ்சியம், பாடம் எதிரொலி. எப்படி என் சாமர்த்தியம்!

பகல் பதினோரு மணி வெயிலிலிருந்து உள்ளே காலை வைத்ததும் கண் இருட்டிவிட்டது. வௌவால் நாற்றம். காலடியில் குளிர்ந்த கல். நாங்கள் நின்ற பிறகும் எங்கள் காலடிச் சத்தம் இன்னும் ரெண்டு அடி நடந்தது. புளிசாதக் கேரியரைக் குரங்கிடமிருந்து காப்பாற்ற வீட்டுக்காரரை வெளியே மரத்தடியில் விட்டிருந்தோம்.

"பிள்ளைகளே, நம்ம குரல் சுவத்துல மோதித் திரும்பி வருது. இதக் கேட்டுத்தான் சில பேரு பேய்னு பயப்படுறாங்க. படிச்சவங்க பயப்பட மாட்டாங்க" என்று முழங்கினேன். அண்ணி தலையை ஆட்டினார். அந்தக் குஷியில் வருகைப் பதிவேட்டையே திறந்துவிட்டேன்.

"யாழினி!"

"உள்ளேன் டீச்சர்!" சுவர்களும் உள்ளேன் என்றன.

"கவின்!"

"உள்ளேன் டீச்சர்!"

பதிவேட்டை மூடப் போனேன். "அலமேலுவ வுட்டுட்டியேம்மா" என்றான் கவின். அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வேறு வழியில்லை.

"அலமேலு..."

என் குரல் போய்ச் சுவரில் மோதித் திரும்பி வந்து அடங்கியது. வௌவால் கூட அசையவில்லை. பிறகு இருட்டின் கோடியிலிருந்து, தணிந்த, கனத்த குரல் ஒன்று வந்தது.

"உள்ளேன் டீச்சர்."

பெற்ற தாய் என்ன செய்திருக்க வேண்டும்? பிள்ளைகளைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். நான் ஓடினேன். நோட்டுப் பை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். எலுமிச்சம்பழம் அவிழ்ந்து உருண்டு அண்ணியின் காலடியில் போய் நின்றதைக் கடைசியாகப் பார்த்தேன். டிக்கெட் கொடுக்கிற இடம் வரைக்கும் நிற்கவில்லை. பின்னால் கவின் கைதட்டிக் கத்துவது மட்டும் கேட்டது: "அலமேலு வந்துட்டா! அலமேலு வந்துட்டா!"

"இன்னாம்மா, குரங்கு தொரத்துதா?" என்றார் டிக்கெட்காரர். அப்போதுதான் பிள்ளைகள் ஞாபகம் வந்தது. ஐயோ என்று திரும்பி ஓடினேன்.

மரத்தடியில் பிள்ளைகள் புளிசாதம் தின்றுகொண்டிருந்தார்கள். அண்ணியின் ஒரு கையில் எலுமிச்சம்பழம், மறு கையில் அலமேலுவின் நோட்டு. எதிரில் என் வீட்டுக்காரர் தலைகுனிந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இந்த நோட்டுல ஏழு போட்டிருக்கறதப் பாத்தியா?" என்றார் அண்ணி என்னிடம். "குறுக்க ஒரு கோடு, கீழ ஒரு வாலு. இத மாத்தச் சொல்லி இவன் கையில எத்தினி ஸ்கேல ஒடச்சிருக்கேன் தெரியுமா?"

எனக்குப் புரியவில்லை.

"இவன் பத்தாவது பாஸுன்னு ஒங்க வூட்ல சொன்னது நான்தான். பொய். ஒம்பதாவதோட நின்னுட்டான். கணக்கு வரல. நானே அடிச்சு அடிச்சு சொல்லிக் குடுத்தும் வரல."

வீட்டுக்காரர் தரையைப் பார்த்தபடியே சொன்னார். "குரங்கு சேந்துக்கிச்சு, அதான் கேரியரத் தூக்கிக்கினு பின்பக்கமா உள்ள வந்தேன். பேரக் கூப்ட்டதும் வாய் தானா சொல்லிடுச்சு. டெய்லி மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பழக்கம்." பிறகு என்னைப் பார்த்து, "மல்லாட்டைய வெச்சு வகுத்தல் சொன்னியே, அன்னிக்குத்தான் எனக்கு அது புரிஞ்சுது. மதியம் நீங்க தூங்குனப்புறம் அந்த நோட்டுல போட்டுப் பாத்தேன். தப்பாப் போட்டாலும் அலமேலுவ யாரும் அடிக்கல. அவ பங்கும் கொறையல" என்றார்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம். ஒரே தட்டில் சாப்பிட்ட மனுஷனுக்கு இப்படி ஒரு ஏக்கம் இருந்தது எனக்குத் தெரியவில்லையே என்று நடுக்கோட்டையில் அழுதேன். அண்ணி அழவில்லை. ஆனால் ரெண்டு ஃபாரத்தையும் நாலாக மடித்துக் கைப்பையின் அடியில் போட்டார்.

"புள்ளைங்க ஒங்கிட்டயே படிக்கட்டும். இவனையும் ஒழுங்காச் சேத்துக்கோ" என்றவர், பழத்தை என் கையில் வைத்தார். "மொதல்ல இதத் தூக்கிப் போடு."

அலமேலு தனித்தேர்வராகப் பத்தாவது எழுதி, போன வருஷம் பாஸ் செய்துவிட்டாள். கணக்கில் நாற்பத்தொன்று. இன்றும் காலையில் நான் பெயர் கூப்பிட்டால், குளியலறைக்குள்ளிருந்து சோப்பு நுரையோடு "உள்ளேன் டீச்சர்" வரும். கொலுசுச் சத்தத்தைப் பற்றி மட்டும் கேட்டேன். "என் சாவிக்கொத்தா இருக்கும்" என்றார். சாவிக்கொத்தை அவர் கடையிலேயே ஆணியில் மாட்டிவிட்டு வருகிறவர். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அலமேலு தேறிவிட்டதால் கடைசி ரேங்க் காலியானது. பிள்ளைகள் கூடிப் பேசி, 'தைரியம்' என்று ஒரு பாடத்தைச் சேர்த்து, அதில் கடைசி ரேங்க்கை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் எங்கே கிளம்பினாலும் வாசல் வரைக்கும் வந்து மூன்று பேரும் ஒரே குரலில் கேட்கிறார்கள்: "டீச்சர், எலுமிச்சம்பழம் எடுத்துக்கினீங்களா?"