சுத்தமான கரண்ட்

பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவர்களிடம் சாலிடரிங் அயர்னைக் கொடுக்கவே கூடாது. (எனக்குக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர். பிறந்தநாள் பரிசாம்.)

என் மகள் யாழினிக்குப் பழனியில் வேலை கிடைத்தது. திண்டுக்கல்லிலிருந்து எங்கள் பழைய காரைத் தானே ஓட்டிப் போவதாகச் சொன்னாள். எனக்குத் தூக்கம் போனது. அந்தத் தூக்கத்துக்குப் பதிலாக ஒரு பெட்டி செய்தேன். உள்ளே சிம் கார்டு போட்ட வயர்லெஸ் மாட்யூல். கார் எதிலாவது மோதினால் கரண்ட் ஒரு நொடி அறுந்து திரும்ப வருமல்லவா? அப்படி வந்தால், "ஆபத்து. உடனே வரவும்" என்று எனக்கும், போகிற வழியில் ஒட்டன்சத்திரத்தில் காய்கறி வியாபாரம் செய்யும் என் தம்பிக்கும் செய்தி போகும். (பாராட்டு விழாவுக்குச் சின்னாளபட்டி சுங்குடிச் சேலைதான் என்று முடிவே செய்துவிட்டேன்.)

வேலையில் சேர்வதற்கு முந்தின நாள் யாழினி பெட்டியைப் பார்த்தாள். "யம்மா, இதுக்குக் கரண்ட் சுத்தமா இல்ல. லைட்டு அணைஞ்சு அணைஞ்சு எரியுது பாரு."

கரண்ட் சீராக வரவில்லை, அழுக்காக வருகிறது என்று அவள் சொன்னாள். கரண்டே இல்லை என்று எனக்குக் கேட்டது. காரிலேயே அதிகம் கத்துவது ஹாரன், அங்கேதான் கரண்ட் கொட்டிக் கிடக்கும் என்று, பேட்டரியிலிருந்து ஹாரனுக்குப் போகும் வயரிலேயே பெட்டியைக் கோர்த்துவிட்டேன். லைட் பளிச்சென்று எரிந்தது. யாரும் ஹாரன் அடித்துப் பார்க்கவில்லை.

மறுநாள் சாலை முழுக்கப் பழனிப் பாதயாத்திரைக் கூட்டம். யாழினி ஹாரனை அழுத்தும்போதெல்லாம் ஹாரன் கரண்டை உறிஞ்சிக்கொள்ள, மாட்யூல் மயங்கி விழுந்து எழுந்தது. எழுந்ததும் ஒரு "ஆபத்து".

வகுப்பிலிருந்து வெளியே ஓடி அவளை அழைத்தேன். எடுக்கவில்லை. (வண்டி ஓட்டும்போது போனைத் தொடாதே என்று சத்தியம் வாங்கியவள் நான்தான்.) தம்பி அழைத்தான். "அக்கா, எனக்குச் சரம் சரமா வருதுக்கா! புள்ள இன்னும் உருண்டுக்கிட்டே இருக்கா போலருக்கே!"

சுமை தூக்கும் ஆட்களோடு மினி லாரியில் பாய்ந்தவன், வந்துகொண்டிருந்த காரின் குறுக்கே லாரியை நிறுத்தினான். "மாமா, வழிய விடுங்க! மொத நாளே லேட்டாயிரும்!" என்று அவள் ஹாரனை அமுக்கினாள். அவன் சட்டைப் பையில் மறுபடி "ஆபத்து".

"ஏலே, தூக்குங்கடா!"

முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் டாக்டர்.

"ஹாரன் அடிச்சேன் டாக்டர்."

அலுவலகத்துக்கு அவள் போய்ச் சேர்ந்தது மதியச் சாப்பாட்டு நேரத்தில். வேலை பிழைத்தது. இன்றுவரை அங்கே அவளுக்குப் பெயர் 'ஹாரன் மேடம்'.

பிறகு அவளே பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்து, நடுவில் கரண்டைச் சீராக்க ஒரு ரெகுலேட்டர் வைத்து, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி போல அதைச் சேர்த்துவைக்க ஒரு கெப்பாசிட்டரும் போட்டாள். இப்போது ஹாரன் எவ்வளவு கத்தினாலும் பெட்டி அசைவதில்லை. ஒரு செய்திகூட வருவதில்லை. பெட்டி நன்றாக இருப்பதால் வரவில்லையா, செத்துப்போனதால் வரவில்லையா? தெருவில் எவனாவது ஹாரன் அடித்தால் என் கை போனுக்குப் போகிறது.

"நிம்மதி சுத்தமா இல்லைங்க" என்றேன் ஒரு நாள்.

வீட்டுக்காரர் பேப்பரை இறக்கவே இல்லை. "நிம்மதியே இல்லையா, இருக்கிற நிம்மதியில அழுக்கா? தெளிவாச் சொல்லு. உன் தம்பி லாரிய எடுத்துறப் போறான்."