டிரைவரும் நானும் வீட்டுக்குப் போகாத கதை

அன்புள்ள சித்திக்கு, உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு யாவரும் நலம். அங்கு உங்கள் முழங்கால் வலியும் சித்தப்பாவின் கோபமும் தணிந்திருக்கும் என நம்புகிறேன். முதலில், நீங்கள் போனில் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விக்குப் பதில்: வேலை போகவில்லை. அப்பாடா!

கம்ப்யூட்டருக்கும், ஃபைல்களைச் சேமிக்கும் அதன் டிஸ்க்குக்கும் நடுவில் நின்று வேலை வாங்கும் புரோகிராமை டிரைவர் என்போம். அதை எழுதுவதுதான் என் பிழைப்பு. ஒரு சமயத்தில் ஒருவர்தான் டிஸ்க்கைத் தொட வேண்டும் என்று அதில் ஒரு லாக், அதாவது பூட்டு, வைத்திருக்கிறோம். லாக்கை எடுத்தவர் விடும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும், உங்கள் வீட்டுக் குளியலறை மாதிரிதான். என் டிரைவரை வைத்து எங்கள் கம்பெனி செய்த ரத்தப் பரிசோதனை மெஷின், அதை வாங்க வந்தவர்கள் கண்ணெதிரிலேயே அசையாமல் நின்றுவிட்டது. "வெள்ளிக்கிழமை மறுபடி வர்றாங்க. அன்னைக்கும் நின்னுச்சுன்னா நீயும் உன் டிரைவரும் சேர்ந்தே வீட்டுக்குப் போயிடலாம்" என்றார் மேனேஜர். லாக்கை எடுத்துக்கொண்டு விடாமல் இருப்பது யார் என்று பார்த்துவிடலாமே என்று, எடுத்த கையோடு ஒரு ஃபைலில் குறித்து வைக்கும்படி நாலு வரி சேர்த்தேன், சேர்த்தேனா, எப்பவாவது நின்ன மெஷின் இப்போ போட்டவுடனே நிக்குது! பக்கத்து மேசை அண்ணன் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மா, அந்த ஃபைல் எங்க இருக்கு?"

"டிஸ்க்லண்ணா."

"டிஸ்க்கைத் தொட என்ன வேணும்?"

"லாக்."

"லாக் இப்போ யார்கிட்ட?"

"என்கிட்..." சொல்லும்போதே புரிந்துவிட்டது சித்தி. லாக்கைக் கையில வச்சுக்கிட்டு, அதே லாக்குக்காக நானே காத்துக்கிட்டு நின்னா விடிஞ்ச மாதிரிதான்!

ஆனால் அந்தக் கூத்தில்தான் எனக்கு உறைத்தது. பழைய வரிகளிலும் இதே கதை: எப்பவாவது டிஸ்க் சூடானால் மட்டும், டிரைவர் லாக்கைப் பிடித்துக்கொண்டே போய் ஒரு ஃபைலைப் படிக்கிறது. என் நாலு வரியைத் தூக்கி எறிந்தேன், ஃபைலை முதலில் படி, பிறகு லாக்கை எடு என்று மாற்றினேன். வெள்ளிக்கிழமை மெஷின் ஓடு ஓடென்று ஓடியது. வந்தவர்கள் கைகுலுக்கினார்கள். எனக்கு சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது சித்தி, ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டேன்.

சித்தப்பாவுக்கு என் வணக்கங்கள், தங்கைக்கு முத்தங்கள். எல்லோரும் நிம்மதியாக இருங்கள்.

இப்படிக்கு,
வேலையில் இருக்கும் மகள்

பி.கு.: கடிதம் ஏன் பேனாவில் என்று கேட்பீர்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான் அழகாக அடித்தேன். "இவ்வளவு நல்லா ஓடுதே" என்று மேனேஜர் நேற்று மெஷினின் டிஸ்க்குக்கென்றே எழுதிய என் டிரைவரை எங்கள் எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் போடச் சொல்லியிருந்தார். கடிதத்தை சேவ் பண்ணினேன், அப்படியே நின்றுவிட்டது. பக்கத்து மேசை அண்ணனுடையதும் நின்றுவிட்டது. மேனேஜர் அறையில் மட்டும் இன்னும் சத்தம் இல்லை. ஐயோ, அவரும் எழுந்துவிட்டார்.